முன்னால் படித்தவர் விட்டுப்போனவை: நூலகப் புத்தகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்னத் தமிழ் நூலகத்தில் வாரம் இரண்டு நாள் கவுண்டரில் உட்காருகிறேன். சம்பளம் கிடையாது, தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) உண்டு. இங்கிருக்கும் புத்தகங்களில் பாதிக்கு மேல் யார் யாரோ வீடு மாறும்போதோ, தாத்தா தவறிப்போன பிறகு அலமாரியைக் காலி செய்யும்போதோ கொண்டுவந்து கொடுத்தவை. அதனால் ஒரு புத்தகமாவது வெள்ளையாய் இருக்காது. கோடு, கறை, பெயர், பஸ் சீட்டு என்று ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும்.

திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் கதையைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

அக்கா, நான் எடுக்கும்போதே உள்ள பேனா கோடு இருந்துச்சு. திருப்பிக் கொடுக்கும்போது என் தலையில கட்டிருவீங்களா?

கட்ட மாட்டோம், எடுக்கும்போதே காட்டிவிட்டால். கவுண்டரில் நின்று ஒரு தடவை விரல்விட்டுப் புரட்டுங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் "ப. 43 கோடு" என்று சின்னதாகக் குறித்துக்கொள்வேன். வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தீர்களா? கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து வந்து "அப்பவே இருந்துச்சு" என்றால் நம்பத்தான் ஆசை, ஆனால் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

பென்சில் கோடுதானே, நானே ரப்பர் வெச்சு அழிச்சுட்டா நல்லதுதானே?

நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் மலிவுத் தாளில் அச்சானவை. நாற்பது வருஷம் கழித்து அந்தத் தாள் அப்பளம் மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கலர் ரப்பரால் முன்னும் பின்னும் தேய்த்தால் கோடு போகும், கூடவே தாளின் மேல் தோலும் போகும், எழுத்தும் மங்கும். அழிக்கத்தான் வேண்டும் என்றால் மென்மையான வெள்ளை ரப்பரால், பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்து ஒரே திசையில் மெதுவாக. துகளை வாயால் ஊதக் கூடாது. தூரிகையால் தள்ள வேண்டும். அதை நாங்கள் செய்கிறோம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எல்லாப் பென்சில் குறிப்பையும் நாங்கள் அழிப்பதில்லை. ஏன் என்பது கீழே வருகிறது.

பேனா மை, ஹைலைட்டர் போகாதா? எலுமிச்சம்பழம், பிளீச்சுனு வீடியோவுல காட்டுறாங்களே.

போகாது. பிளீச் மையோடு தாளையும் தின்னும். எலுமிச்சை அமிலம், தாள் பழுத்து உடைவதற்கே அமிலம்தான் காரணம், அதை நாமே ஊற்றுவானேன்? ஊற்றுப்பேனா மை இன்னும் மோசம், ஈரத் துணி பட்டால் பக்கமெல்லாம் நீலமாகப் பரவிவிடும். கோடு போட்ட பக்கத்தைப் படிக்க முடிகிறது அல்லவா? அப்படியே விடுங்கள்.

பக்கம் கிழிஞ்சிருந்துச்சு, நானே செலோடேப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க!

இந்த வேலையைச் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், செய்த வேலையைத்தான் பிடிக்காது. இன்றைக்கு நீட்டாகத்தான் இருக்கும். சில வருஷத்தில் பசை மஞ்சளாகிக் கசியும், பக்கத்துப் பக்கத்தோடு ஒட்டும். அப்புறம் மேலே இருக்கும் பிளாஸ்டிக் காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். பசை மட்டும் தேன் நிறத்தில் தாளுக்குள்ளேயே நிற்கும். போன மாதம் ஒரு பழைய கவிதைத் தொகுப்பை விரித்தேன். ஒரு கிழிசலை மறைக்க மூன்று விரல் நீளத்துக்கு டேப். டேப் இருந்த இடத்தில் நாலு வரி பழுப்புக் கண்ணாடி வழியே பார்க்கிற மாதிரி தெரிந்தது. கிழிசல் இரண்டு வரிக்கு மேல் இல்லை.

நம் பாட்டிமார் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டுவார்களே, அதுகூட இதைவிட மேல் என்பேன். மாவுப் பசையை ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். புத்தகம் பழுதுபார்க்கும் தொழில் தெரிந்தவர்களும் கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பான் தாளும்தான் வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பருக்கையை எடுக்காதீர்கள், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். கிழிந்த துண்டைப் பக்கத்துக்குள்ளேயே வைத்து, ஒரு வெள்ளைத் தாளை அடையாளம் வைத்து, அப்படியே கொண்டுவாருங்கள். ரப்பர் பேண்டு, பேப்பர் கிளிப் இரண்டும் வேண்டாம். கிளிப் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்துத் தன் உருவத்தையே பக்கத்தில் அச்சடித்துவிடும்.

குழம்புக் கறை, எண்ணெய்க் கறை, மூலை எல்லாம் கறுத்துப் போயிருக்கு. என்ன ஜனங்களோ!

மூலை கறுப்பது எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதால். ஒரே ஆள் செய்ததில்லை, ஐம்பது பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டது. மஞ்சள் கறை வெளிச்சத்தில் நாளாவட்டத்தில் மங்கும், எண்ணெய் மங்காது. வாழைக்காய் பஜ்ஜியோடு நாவல் படிக்கும் சுகம் எனக்கும் தெரியும், அதனால் ரொம்பத் திட்ட மாட்டேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள், அவ்வளவுதான். சிலர் கையுறை போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். சாதாரணத் தாள் புத்தகத்துக்கு வேண்டாம். துணிக் கையுறையில் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழித்துவிடுவீர்கள்.

பழுப்புப் புள்ளி புள்ளியா இருக்கே, முன்னாடி படிச்சவங்க கோப்பி சிந்திட்டாங்களா?

கோப்பி வட்டமாக இருக்கும், அல்லது ஓரம் கறுத்த குளம் மாதிரி இருக்கும். பக்கமெங்கும் அம்மைத் தழும்புபோல் சிதறிக் கிடந்தால் யாரும் சிந்தியதில்லை. தாளுக்குள் இருக்கும் இரும்புத் துகளும் பூஞ்சையும் ஈரமும் சேர்ந்து செய்கிற வேலை அது. படிக்கத் தடையில்லை.

பயப்பட வேண்டியது பூசணம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் அது வளரத் தொடங்கும். கோலாலம்பூரில் 80 சாதாரணம். பகலெல்லாம் ஏர்கோன், ராத்திரி அடைத்த அறை என்று இருக்கும் வீடுகளில் இன்னும் கூடும். பஞ்சு மாதிரி இருந்து தொட்டால் இழுபட்டால் அது உயிரோடிருக்கிறது. துடைக்காதீர்கள், ஊதாதீர்கள், இழுப்பு நோய் இருப்பவர்கள் கிட்டேயே போகாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி அன்றைக்கே கொண்டுவந்து, பையைத் திறக்காமல் சொல்லுங்கள்.

வெயிலில் காயவைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. நான் ஒரு தடவை மழையில் நனைந்த தொகுப்பு ஒன்றை வாசலில் உச்சிவெயிலில் விரித்துவைத்தேன். சாயந்திரம் அட்டை கருவாடு மாதிரி வளைந்துவிட்டது. இன்னும் அலமாரியில் இருக்கிறது, பக்கத்துப் புத்தகத்தோடு சேர்ந்து நிற்காது. நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்திக் காயவிட வேண்டும்.

இந்த ஓட்டையெல்லாம் பூச்சிதானே? வீட்டுக்குக் கொண்டு போனா மத்த புத்தகத்துக்கும் ஒட்டுமா?

ஓட்டையைப் பாருங்கள். அட்டையின் மேல்பூச்சைச் சுரண்டித் தின்ற மாதிரி கோணல்மாணலாக இருந்தால் அது வெள்ளியாய் மினுங்கி ஓடுமே, ராமபாணப் பூச்சி. அதற்கு வேண்டியது பசையும் மாவும். குண்டூசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டை இருபது முப்பது பக்கத்துக்கு நேராகப் போனால் வண்டின் புழு. புத்தகத்தைத் தட்டினால் மெல்லிய தூள் கொட்டுகிறதா? உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது. கொட்டவில்லை என்றால் பெரும்பாலும் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வீடு.

முதுகுப் பக்கத்தில் மிளகுத்தூள் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். கட்டிலில் வைத்துப் படிக்கிற புத்தகங்களில் அது ஏறிக்கொள்ளும். அப்படிப்பட்டவற்றைப் பையில் இறுகக் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைக்கிறோம். வெளியே எடுத்ததும் ஒரு நாள் பையைத் திறப்பதில்லை, திறந்தால் வியர்த்துவிடும். அந்துருண்டை போடுவதில்லை. அதன் நெடி பூச்சிக்கு மட்டுமல்ல, படிக்கிறவருக்கும் ஆகாது.

நோயாளி படிச்ச புத்தகமா இருந்தா கிருமி வராதா?

இந்தப் பயம் புதிதில்லை. பிரிட்டனில் தொற்றுநோய் உள்ளவர் நூலகப் புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று 1907இல் சட்டமே வந்தது. அப்புறம், புத்தகத்தால் நோய் பரவியதற்கான அத்தாட்சி அவ்வளவாக இல்லை என்று ஆகி, அந்தப் பீதி தானாக அடங்கியது. கையைக் கழுவுங்கள். பூசணத்துக்குப் பயப்படுவதில் கால்வாசிகூடக் கிருமிக்கு வேண்டாம்.

உள்ள ஒரு மயிலிறகு இருந்துச்சுக்கா. பாவம், யாரோ சின்னப் புள்ள குட்டி போடும்னு வெச்சிருக்கும். அப்படியே விட்டுறலாமே?

எனக்கும் விட ஆசைதான். நானும் வைத்திருக்கிறேன், குட்டி போடவில்லை, பென்சில் சீவிய தூள்தான் தீனி என்று தோழி சொன்னதை நம்பி அதையும் போட்டேன். ஆனால் இறகைத் தின்னும் வண்டுப் புழுக்களும் அந்துப்பூச்சிப் புழுக்களும் உண்டு. இறகு இருந்தால் தேடி வரும், வந்தபின் துணி அட்டையையும் ருசி பார்க்கும். அதனால் எடுத்துவிடுகிறோம். ஒரு கண்ணாடி ஜாடியில் இதுவரை ஒன்பது இறகு சேர்ந்திருக்கிறது.

மல்லிகைப்பூ, திருநீற்றுப் பொட்டலம், குங்குமம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். காய்ந்த பூ தன் பழுப்பு நிழலை இரண்டு பக்கத்திலும் விட்டுவிட்டுப் போகும். திருநீறு பக்கங்களுக்கிடையே உப்புத்தாள் மாதிரி உரசும்.

உள்ள கிடக்கிற சீட்டு, கடுதாசி, காசு, இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?

காசு கிடைத்தால் உறையில் போட்டு, புத்தக எண் எழுதி, கடைசியாக எடுத்தவரைக் கூப்பிடுவேன். இதுவரை அதிகம் கிடைத்தது ஐந்து வெள்ளி (ரிங்கிட்). கடிதமும் போட்டோவும் கிடைத்தால் முதல் வரியைத் தாண்டிப் படிப்பதில்லை (முதல் வரியைப் படிப்பேன், பொய் சொல்ல மாட்டேன்). அவற்றையும் உறையில் போட்டு ஒரு வருஷம் வைப்போம். அடையாள அட்டை நகல், மருந்துச் சீட்டு மாதிரி இருந்தால் ஆள் கிடைக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவோம்.

அதிகம் கிடைப்பது நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு. யாரும் தேடி வந்ததில்லை, ஆகவே ஒன்றும் விழவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கடை ரசீது மாதிரியான அந்தத் தாளில் எழுத்து சில வருஷத்தில் மறைந்து வெறுந்தாளாகிவிடும், விழுந்திருந்தாலும் தெரியாது.

மனதில் நிற்பது ஒரு செய்தித்தாள் துண்டு. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைப் பற்றியது. வெட்டியவர் இலக்கணப் புத்தகம் ஒன்றின் நடுவில் வைத்து மூடியிருக்கிறார். செய்தித்தாளின் அமிலம் இரண்டு பக்கத்திலும் இறங்கி, துண்டை எடுத்த பிறகும் அதே அளவில், அதே கோணல் வெட்டோடு, ஒரு பழுப்புச் சதுரம் புணரியலின் மேல் நிற்கிறது. துண்டை இப்போது தனி உறையில் வைத்திருக்கிறோம். புத்தகத்துக்குள் எதையும் வைக்காதீர்கள் என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன்.

புத்தகத்தைப் பாத்தே எந்தக் காலத்துல படிச்சாங்கன்னு சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. பின்பக்கம் தேதி முத்திரை குத்திய தாள் இருந்தால் வேலை சுலபம். ஒரு நாவல் 1983இல் பதினான்கு தடவை போயிருக்கும், அப்புறம் ஆறு வருஷம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தாள் இல்லாவிட்டால் மற்றதைப் பார்க்க வேண்டும். கடை முத்திரையில் "மலாயா" என்று இருந்தால் பெரும்பாலும் 1963 செப்டம்பருக்கு முன்னால், மலேசியா உருவானது அப்போதுதான். "பத்து ரோடு" என்று இருந்தால் கோலாலம்பூரின் அந்தச் சாலைக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று பெயர் வருவதற்கு முன்னால் செய்த முத்திரை. விலைக்கு முன்னால் டாலர் குறி இருந்தால் 1993க்கு முன்னால் இருக்க வாய்ப்பு அதிகம், அந்த வருஷம்தான் ரிங்கிட்டுக்கு "ஆர்எம்" என்ற குறி வந்தது. கோலாலம்பூரில் அந்நாளில் ஓடிய சின்னப் பேருந்தான பஸ் மினியின் சீட்டு கிடைத்தால் 1975க்கும் 1998க்கும் நடுவில்.

கையெழுத்துதான் ஏமாற்றும். லை, னை, ணை எழுத்துகளைத் தும்பிக்கை போட்டு எழுதியிருந்தால் உடனே "பழசு" என்பார்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978இல், இங்கே அதற்கும் பிறகுதான் பழக்கத்துக்கு வந்தது. ஆனால் கை பழகியதை விடாது. எங்கள் உறுப்பினர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், போன வாரம் பதிவேட்டில் தும்பிக்கையோடுதான் கையெழுத்துப் போட்டார். எழுத்து சொல்வது அவர் பள்ளிக்கூடம் போன காலத்தை, புத்தகம் படித்த காலத்தை இல்லை. பஸ் சீட்டும் அப்படித்தான். சட்டைப் பையில் எத்தனை நாள் கிடந்ததோ.

முன்னெல்லாம் அட்டையில யார் யார் எடுத்தாங்கன்னு பேரே இருக்கும். இப்ப ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?

பார்கோடு வந்த பிறகு பெயர் அட்டைக்கு வேலையில்லை. வேலை இருந்தாலும் காட்ட மாட்டோம். ஒருவர் சர்க்கரை நோய் பற்றியோ மணமுறிவு பற்றியோ என்ன படித்தார் என்பது அவர் பாடு. பழைய அட்டை உள்ள புத்தகங்களிலிருந்து அட்டையை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறோம்.

இதைக் கேட்கிறவர்கள் பள்ளிப் பாடநூலின் உள் அட்டையில் இருக்கும் கட்டத்தை நினைத்துத்தான் ஏங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டத்தில் வரும் புத்தகங்களில் ஆண்டு, வகுப்பு, பெயர் எழுதக் கட்டம் போட்டிருக்கும். நமக்கு முன்னால் அந்தப் புத்தகத்தில் படித்த அக்காவின் பெயரைப் பார்ப்பதில் ஒரு கெத்து இருந்தது உண்மைதான். அது வகுப்பறை, எல்லாரும் ஒரே புத்தகம் படித்த இடம். இது வேறு.

துப்பறியும் நாவல்ல பத்தாம் பக்கத்துலயே கொலைகாரன் பேரை எழுதி வெச்சிருக்கான்! இதையாவது அழிப்பீங்களா?

அழிப்போம், சபித்துக்கொண்டே. பேனாவாக இருந்தால் மேலே ஒரு தாள் பட்டையைச் செருகி வைப்போம். ஒரு தடவை அப்படி எழுதியிருந்த பெயர் தப்பு. படித்து முடித்தவர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார், கடைசிவரை வேறு ஆளைச் சந்தேகப்படவே இல்லையாம்.

அச்சுப்பிழை திருத்துகிறவர்கள் தனி சாதி. ஒற்று விட்ட இடமெல்லாம் பென்சிலால் ஒற்றுப் போட்டிருப்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் என்பது என் கணிப்பு. திருத்தம் சரியாக இருந்தால் விட்டுவிடுகிறேன்.

ஓரத்துல எழுதினது பின்னாடி பெரிய மதிப்பாகும்னு சொல்றாங்களே. அப்ப எழுதுறது தப்பில்லதானே?

இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா. தன் கணிதப் புத்தகத்தின் ஓரத்தில், ஒரு தேற்றத்தைப் பற்றி, "அற்புதமான நிரூபணம் இருக்கிறது, இந்த ஓரத்தில் இடம் போதாது" என்ற பொருளில் எழுதிவைத்தார். 1670இல் அவர் மகன் அதை அச்சில் கொண்டுவந்தார். நிரூபணம் கிடைக்க 1990கள் வரை ஆயிற்று. ஆனால் அது அவர் சொந்தப் புத்தகம், இரவல் இல்லை.

மற்றொன்று லண்டன் இஸ்லிங்டன் நூலகப் புத்தகங்களின் அட்டைகளில் படம் ஒட்டி விளையாடிய ஜோ ஆர்டனும் கென்னத் ஹாலிவெலும். 1962இல் இருவருக்கும் ஆறு மாதச் சிறை. பின்னால் ஆர்டன் பெரிய நாடகாசிரியர் ஆனார், அந்த அட்டைகளை இஸ்லிங்டனிலேயே இப்போது பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஆனால் உங்கள் கோட்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். அதுவரைக்கும் அபராதம்.

பென்சில் குறிப்பு எல்லாவற்றையும் அழிப்பதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? தோட்டத்து வாழ்க்கை பற்றிய ஒரு புத்தகத்தில், லயத்து வீடுகளை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை)ப் பற்றிய பத்திக்குப் பக்கத்தில், "எங்கள் தோட்டத்தில் குழாய் எட்டு வீட்டுக்கு ஒன்று" என்று யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தில் அந்த விவரம் இல்லை. அதை நான் எப்படி அழிப்பேன்? படிக்கிறவரை நச்சரிக்கும் குறிப்பை அழிப்போம், புத்தகத்துக்குத் தெரியாததைச் சொல்லும் குறிப்பை விடுவோம். அளவுகோல் அவ்வளவுதான், அதுவும் என் அளவுகோல். வெள்ளிக்கிழமை உட்காருகிற தம்பி எல்லாவற்றையும் அழித்துவிடுவான்.

அக்கா, அந்தக் கட்டுரைப் புத்தகத்துல இருக்கிறது எங்க அப்பா கையெழுத்து. அவர் இப்ப இல்ல. வேற புது புத்தகம் வாங்கிக் கொடுத்துட்டு இதை நான் எடுத்துக்கலாமா?

கடையில் இன்னும் கிடைக்கிற புத்தகம் என்றால் சரி என்றுதான் சொல்வேன். செயற்குழுவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மஸ்ஜிட் இந்தியா பக்கம் ஒரு பிரதி வாங்கிவந்தால் மாற்றித் தந்துவிடலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், இங்கே அச்சாகி மறுபதிப்பு வராத புத்தகங்களில். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் பதிப்பிக்கிற புத்தகங்களின் பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிந்திய புத்தகம் ஜாலான் துன் ரசாக்கில், அந்தத் தெங்கோலோக் தலைப்பாகை வடிவக் கட்டடத்தில் இருக்க வாய்ப்புண்டு. அதற்கு முன் சின்ன அச்சகங்களில் ஐந்நூறு அறுநூறு போட்டு விற்ற புத்தகத்துக்கு அந்த நம்பிக்கை குறைவு. எங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம்.

இதைக் கேட்ட தம்பியின் புத்தகம் அந்த வகை. கொடுக்க முடியவில்லை. குறிப்பு இருந்த பக்கங்களை எல்லாம் பளிச்சென்று படமெடுத்துக் கொடுத்தோம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

எனக்கும் ஒரு வரி எழுதணும்போல இருக்கு. பென்சில்தானே, லேசா?

வேண்டாம். மேலே குழாய்க் குறிப்பைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், தெரியும். ஒருவர் எழுதியது தகவல், இருபது பேர் எழுதினால் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது.

கவுண்டரில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. புத்தக எண், பக்க எண் போட்டு அதில் எழுதுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் போட வேண்டியதில்லை. குழாய்க் குறிப்பைக் காட்டியதும் ஒருவர் அதில், "எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்று" என்று எழுதினார். அடுத்த வாரம் வேறொருவர் அதற்குக் கீழே தோட்டத்தின் பெயரைக் கேட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. நோட்டோடு பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தோம். யாரோ கயிற்றோடு கொண்டுபோய்விட்டார்கள், பென்சில் கேட்டால் தருகிறேன்.